ஆளைக் கொன்ற முதலையைக் கொல்லலாமா?

ஆற்றங்கரை விவசாயிக்கு ஆற்றில் இறங்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. மாடு குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, குடிநீர் முகப்பது, அக்கரை வயலுக்குச் செல்வது, கரையோரத்தில் புல் அறுப்பது என்று வேலைகள் பல. அந்த நீரில் ஒரு முதலை இருந்து, ஊரில் ஒருவரைக் கொன்றுவிட்டால் அங்குள்ள மக்கள் என்ன செய்ய வேண்டும்? தேடிப் பிடித்துக் கொல்வதா? பிடித்து வேறிடத்தில் விடுவதா? அல்லது அப்படியே விட்டுவிடுவதா? இந்தக் கேள்விக்கு உணர்ச்சியை மட்டும் கொண்டு விடை காண முடியாது. முதலையின் இயல்பு, சட்டம், பிற இடங்களில் கிடைத்த அனுபவம் ஆகிய மூன்றையும் அறிந்துகொண்டால் தெளிவு பிறக்கும்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பீகார் மாநிலம் வைசாலி மாவட்டத்தில் குடும்பத்தாருடன் கங்கைக்குச் சென்ற பள்ளிச் சிறுவன் ஒருவனை முதலை இழுத்துச் சென்று கொன்றது. சிறிது நேரத்தில் ஊர் மக்கள் திரண்டு முதலையைக் கரைக்கு இழுத்து வந்து தடியால் அடித்துக் கொன்றனர். மகனைப் பறிகொடுத்த குடும்பத்தின் துயரத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த முதலை இறந்ததால் மறுநாள் அதே துறையில் இறங்கும் அடுத்த சிறுவனுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஆகும்.

உலகின் மிகப் பெரிய முதலை

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் அகுசான் சதுப்பு நிலம் இருக்கிறது. அதை ஒட்டிய பூனாவான் என்னும் ஊரில் மக்கள் மீன்பிடித்தும் பயிர் செய்தும் வாழ்கின்றனர். 2009-ஆம் ஆண்டில் அச்சதுப்பு நிலத்தில் படகில் சென்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி முதலைக்குப் பலியானாள். 2011-ஆம் ஆண்டில் மீனவர் ஒருவர் காணாமல் போனார். எருமை ஒன்றும் கொல்லப்பட்டது. ஊர் மக்கள் நீரில் இறங்க அஞ்சினர். உள்ளூர் நிர்வாகமும் அரசின் முதலை பிடிக்கும் குழுவினரும் சேர்ந்து மூன்று வாரம் பொறி வைத்துக் காத்திருந்தனர். 2011 செப்டம்பர் 3-ஆம் நாள் ஒரு முதலை சிக்கியது. அதைக் கரைக்கு இழுக்க ஏறத்தாழ நூறு பேர் தேவைப்பட்டனர்.

அது உவர்நீர் முதலை இனத்தைச் சேர்ந்த ஆண். நீளம் 6.17 மீட்டர், அதாவது 20 அடி 3 அங்குலம். எடை 1,075 கிலோ. நல்ல உழவு மாடு இரண்டின் எடையைக் காட்டிலும் இது அதிகம். முதலை வேட்டையின்போது நோயால் இறந்துபோன ஒரு முதலை பிடிப்பவரின் நினைவாக அதற்கு 'லோலோங்' என்று பெயரிட்டனர். பிடிபட்டு அளக்கப்பட்ட முதலைகளில் இதுவே உலகில் மிகப் பெரியது என்று 2012-இல் கின்னஸ் சாதனை நூலும் ஏற்றுக்கொண்டது.

லோலோங்கைப் பிடித்ததும் அதைக் கக்கச் செய்து வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தனர். மனித உடலின் அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. முதலையின் செரிமானம் மிக வலுவானது. பல வாரங்களுக்கு முன் தின்றது வயிற்றில் தங்காது. ஆகவே லோலோங் குற்றவாளி இல்லை என்று இதனால் முடிவு செய்ய முடியாது; குற்றவாளி என்றும் உறுதி செய்ய முடியாது. அதே நீர்நிலையில் இன்னும் பெரிய முதலைகள் இருக்கக்கூடும் என்ற பேச்சும் அப்போதே எழுந்தது.

லோலோங்கைக் கொல்லவில்லை. வேலியிட்ட குளம் ஒன்றில் அடைத்து வைத்தனர். பார்க்க வருவோரிடம் கட்டணம் வசூலித்தனர். மீண்டும் சதுப்பு நிலத்திலேயே விட வேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டன. பூனாவான் மக்கள் அதை ஏற்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள், 2013 பிப்ரவரி 10-ஆம் நாள், நிமோனியாவும் இதயக் கோளாறும் தாக்கி லோலோங் இறந்தது. உயிரோடு காக்கப் பிடித்ததும் காப்பாற்றப்படவில்லை. இறந்தது உண்மையிலேயே ஆளைக் கொன்ற முதலைதானா என்பதும் கடைசி வரை தெரியவில்லை.

'ஆட்கொல்லி' என்று தனி முதலை உண்டா?

ஆட்கொல்லிப் புலி என்று சொல்லும்போது அதில் ஒரு பொருள் உண்டு. பெரும்பாலான புலிகள் மனிதனைக் கண்டால் விலகிச் செல்பவை. காயமோ முதுமையோ வேட்டைத் திறனைக் குறைத்த புலிதான் பல நேரங்களில் மனிதனைத் தாக்கத் துணிகிறது. ஆகவே அந்த ஒரு புலியை அகற்றினால் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

முதலையின் நிலைமை வேறு. ஆப்பிரிக்காவின் நைல் முதலையும், கீழ்த்திசை நாடுகளின் உவர்நீர் முதலையும் வளர்ந்தபின் மான், பன்றி, எருமைக்கன்று போன்றவற்றை இரையாகக் கொள்கின்றன. அவற்றுக்கு நீரோரம் குனிந்து நிற்கும் மனிதனும் அதே அளவுள்ள இரைதான். வெறியாலோ பகையாலோ அது தாக்குவதில்லை. போதுமான அளவு வளர்ந்த எந்த முதலையும், வாய்ப்புக் கிடைத்தால், தாக்கக்கூடும். ஆகவே 'ஆட்கொல்லி' என்பது ஒரு தனி முதலையின் கெட்ட குணம் அன்று. அது முதலையின் பருமன், மனிதன் நீரில் இறங்கும் இடம், இறங்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாகும் ஆபத்து ஆகும்.

முதலை வேட்டையாடும் முறையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். கண், மூக்கு, காது மூன்றும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால் உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டு அதனால் கவனிக்க முடியும். குளிர் இரத்தப் பிராணி ஆகையால் அதற்குத் தீனி குறைவாகவே தேவைப்படும். பெரிய முதலை மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். எனவே அதற்குக் காத்திருப்பது எளிது. ஒரே துறையில் ஒரே நேரத்தில் தினமும் இறங்கும் ஆட்களையும் ஆடுமாடுகளையும் அது கவனித்து வைத்துக்கொள்கிறது. பிறகு நீருக்கடியில் நெருங்கி வந்து ஒரே பாய்ச்சலில் கவ்வி, ஆழத்துக்கு இழுத்து, உடலைச் சுழற்றுகிறது. இரை பெரும்பாலும் மூழ்கியே இறக்கிறது.

தாடையை மூடும் தசை மிக வலுவானது. திறக்கும் தசையோ வலுவற்றது. அதனால்தான் பிடித்த முதலையின் வாயை ஒரு கயிற்றால் கட்டிவிட முடிகிறது. ஆழ்ந்த நீரில் முதலைக்கே வெற்றி, நீரை விட்டு நீங்கினால் மற்ற உயிர்கள் அதை வென்றுவிடும் என்று வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் கூறியுள்ள கருத்தும் இதுவே. ஆபத்து முதலையிடம் இருப்பதைவிட நீரும் கரையும் கூடும் அந்த ஓரத்தில்தான் அதிகம்.

ஒரு முதலையின் மேல் எல்லாப் பழியும்

ஆப்பிரிக்காவில் புருண்டி என்னும் சிறு நாடு உண்டு. அங்கு ருசிசி ஆறு டங்கனீக்கா ஏரியில் கலக்கும் பகுதியில் ஒரு பெரும் நைல் முதலைக்கு 'குஸ்தாவ்' என்று பெயர் வழங்கியது. உடலில் துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள் உடையது என்று அதை அடையாளம் சொன்னார்கள். முந்நூறு பேரைக் கொன்றது என்றும் பேசப்பட்டது. பத்ரீஸ் ஃபே என்ற பிரெஞ்சுக்காரர் பெரிய இரும்புக் கூண்டு செய்து அதைப் பிடிக்க முயன்றார், முடியவில்லை. அந்த முதலையை எவரும் அளந்ததில்லை. முந்நூறு என்ற கணக்கையும் எவரும் சரிபார்க்கவில்லை.

அதே நீரில் நைல் முதலைகள் பல வாழ்கின்றன, நீர்யானைகளும் வாழ்கின்றன. 1993 முதல் பல்லாண்டு உள்நாட்டுப் போர் நடந்த நாடு அது. கரையோர ஏழைகளுக்கு மீன்பிடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் அந்த நீரை விட்டால் வேறு வழி இல்லை. இத்தகைய இடத்தில் சாவு எல்லாவற்றையும் ஒரே முதலையின் கணக்கில் எழுதிவிட்டால் ஒரு கேடு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்தால் போதும் என்ற நம்பிக்கை பிறக்கும். குடிநீர்க் குழாயும் பாதுகாப்பான துறையும் வேண்டும் என்ற கோரிக்கை பின்தள்ளப்பட்டுவிடும்.

பிதர்கணிகாவின் பாடம்

நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்துள்ள இடம் ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டம் ஆகும். பிராமணி, பைதரணி ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் பிதர்கணிகா என்னும் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. தோல் வணிகத்துக்காக வேட்டையாடியதாலும், முட்டைகள் அழிந்ததாலும், 1970-களின் தொடக்கத்தில் அங்கு உவர்நீர் முதலைகள் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. 1975-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனத்தின் உதவியுடன் முதலை பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. டாங்மால் என்னும் இடத்தில் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டனர். அண்மைக் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை 1,800-ஐத் தாண்டியுள்ளது.

ஓர் உயிரினத்தைக் காப்பதில் இது பெரிய வெற்றி. ஆனால் முதலை பெருகிய ஆற்றின் கரையில்தான் நெல் விவசாயிகளும் மீனவர்களும் வாழ்கின்றனர். குளிப்பதற்கும் மாடு இறக்குவதற்கும் அதே ஆற்றை நம்பியிருக்கும் கிராமங்கள் பல. அங்கு உயிரிழப்புகள் தொடர்கின்றன. 2023 ஜூனில் அங்கும் ஒரு சிறுவன் பலியானான். வனத்துறை பல கிராமங்களின் குளிக்கும் துறைகளில் தடுப்பு வேலி அமைத்துள்ளது. ஆயினும் வேலியில்லாத துறையில் இறங்குவோரும், வேலி பழுதான இடத்தில் இறங்குவோரும் இருக்கத்தான் செய்கின்றனர்.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் பல்லாயிரம் பேர் இறந்தனர். கேந்திரபாரா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்தபோது, கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவாக இருந்தது தெரியவந்தது. முதலையின் பேரால் காக்கப்பட்ட காடு மனிதனையும் காத்தது. ஆக, முதலை வாழும் ஆற்றால் நாட்டுக்கு நன்மை உண்டு. ஆனால் அந்த நன்மை எல்லோருக்கும் போகிறது. அதன் விலையை மட்டும் ஆற்றங்கரையில் வாழும் சில ஏழைக் குடும்பங்கள் கொடுக்கின்றன. இதுவே நெறிமுறைச் சிக்கலின் முடிச்சு ஆகும்.

பிடித்து வேறிடத்தில் விட்டால்?

கொல்லவும் வேண்டாம், இங்கே இருக்கவும் வேண்டாம், பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாம் என்று பலரும் எண்ணுவதுண்டு. கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தனர். பெரிய உவர்நீர் முதலைகளைப் பிடித்து, இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்தி, ஹெலிகாப்டரில் தொலைவுக்கு எடுத்துச் சென்று விட்டனர். அவற்றுள் ஒன்று கேப் யார்க் முனையைச் சுற்றிக் கடல் வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி 20 நாளில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இச்சோதனை முடிவுகள் 2007-இல் வெளியாயின. வளர்ந்த ஆண் முதலைக்குத் தன் எல்லை தெரியும். ஒருவேளை அது திரும்பவில்லை என்றாலும், விட்ட இடத்தில் உள்ள மக்களுக்கு அந்த ஆபத்து போய்ச் சேர்கிறது.

பிடிப்பதிலும் இடர் உண்டு. வட ஆஸ்திரேலியாவில் ஃபின்னிஸ் ஆற்றில் 1970-களில் ஒரு பெரிய ஆண் முதலை மீன்பிடி படகுகளின் என்ஜின்களைக் கடித்துப் படகுகளைக் கவிழ்த்து வந்தது. 'ஸ்வீட்ஹார்ட்' என்று அதற்குப் பெயர். நீளம் 5.1 மீட்டர், எடை 780 கிலோ. அது எவரையும் கொல்லவில்லை. என்ஜின் ஓசையை எல்லைக்குள் நுழைந்த மற்றோர் ஆண் முதலையின் குரலாகக் கருதியதே காரணம் என்று கருதப்படுகிறது. 1979 ஜூலையில் மயக்க மருந்து கொடுத்து அதைப் பிடித்தபோது, நீருக்குள் கிடந்த மரத்தில் சிக்கி மூழ்கி இறந்தது. மயங்கிய முதலைக்கு மூச்சை அடக்கி மேலே வரும் ஆற்றல் இல்லாமல் போய்விட்டதே இதற்குக் காரணம்.

சட்டம் சொல்வது என்ன?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் நாட்டின் மூன்று வகை முதலைகளும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனால் மனித உயிருக்கு மேலாகச் சட்டம் முதலையை வைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. விவசாயிகள் இரு விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது: தன் உயிரையோ மற்றொருவர் உயிரையோ காப்பதற்காக, தாக்கும் விலங்கை நல்லெண்ணத்தோடு அடித்தாலோ கொன்றாலோ அது குற்றமாகாது. சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. முதலை ஒருவரைக் கவ்வியிருக்கும்போது கோடரியோ கடப்பாரையோ கையில் இருப்பவர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தாக்குதல் முடிந்து, மறுநாள் கூட்டமாகச் சென்று ஒரு முதலையை அடித்துக் கொல்வதற்கு இந்த விலக்கு பொருந்தாது.

இரண்டாவது: ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானது என்று மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அதைக் கொல்ல ஆணையிடலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தி அடைந்த பின்பே அவ்வாறு ஆணையிட முடியும். ஆடுமாடு போன்ற உடைமைக்குச் சேதம் என்ற காரணம் மட்டும் முதல் அட்டவணை விலங்கைக் கொல்லப் போதாது. அதற்கு இழப்பீடு கேட்பதே வழி.

கொல்வது எப்போது சரி?

பயிர்ப் பாதுகாப்பில் விவசாயிகள் நன்கு அறிந்த ஒரு கருத்து உண்டு. பூச்சி கண்ணில் பட்டவுடன் மருந்து தெளிப்பதில்லை. சேத அளவைப் பார்த்து, தெளித்தால் பயன் உண்டா என்று கணக்கிட்ட பின்பே தெளிக்கிறோம். மனித உயிருக்குப் பொருளாதாரச் சேத நிலை என்ற கணக்கு கிடையாது. ஓர் உயிரும் இழக்கத்தக்கது அன்று. ஆனால் செய்யும் செயல் ஆபத்தைக் குறைக்குமா என்று பார்க்கும் முறை இங்கும் பொருந்தும்.

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாக்கிய முதலை இதுதான் என்பது உறுதியா? இதை அகற்றினால் அந்தத் துறையில் ஆபத்து குறையுமா? அகற்றுவதற்குக் கொல்வதைத் தவிர வேறு வழி இல்லையா? மூன்றுக்கும் விடை 'ஆம்' என்றால் கொல்வதில் தவறில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மனிதரைத் தேடி வரும் பெரிய முதலையை விட்டுவைத்து, 'அதுவும் ஓர் உயிர்தானே' என்று சொல்வது கருணை ஆகாது. அடுத்து இறங்கப் போகும் பெண்ணும் பிள்ளையும் அந்தக் கருணைக்கு விலை கொடுக்க நேரிடும். இந்த இடத்தில் மனித உயிருக்கே முதலிடம்.

விடை 'இல்லை' என்றால் அந்தக் கொலை வெறும் பழிவாங்கல் ஆகிவிடும். முதலைக்கு நன்மை தீமை தெரியாது. தண்டனை என்பதும் அதற்குப் புரியாது. ஒரு முதலையை அடித்துக் கொன்றதைக் கண்டு மற்ற முதலைகள் பாடம் கற்பதும் இல்லை. பெரிய ஆண் முதலை ஆண்ட மடு காலியானால், அதுவரை அஞ்சி ஒதுங்கியிருந்த வேறொரு முதலை அங்கு வந்து சேரும். கொன்றுவிட்டோம் என்ற தைரியத்தில் மக்கள் மீண்டும் இறங்குவார்கள். ஆபத்து முன்னிலும் கூடும்.

வட ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டையும் சேர்த்துச் செயல்படுத்துகின்றனர். 1971-இல் வேட்டை தடை செய்யப்பட்டபோது அப்பகுதியில் சுமார் 3,000 உவர்நீர் முதலைகளே இருந்தன. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம். மக்கள் வாழும் நகரத்தையும் துறைமுகத்தையும் ஒட்டி வரும் முதலைகளைப் பொறி வைத்து ஆண்டுதோறும் அகற்றுகின்றனர். எங்கே இறங்கக் கூடாது என்று பள்ளியிலேயே கற்பிக்கின்றனர். காட்டுக் கூடுகளிலிருந்து முட்டை எடுத்து முதலைப் பண்ணைகளுக்கு விற்க அனுமதி உண்டு. நில உரிமையாளர்களான பழங்குடி மக்களுக்கு அதில் வருமானம் கிடைக்கிறது. 2018-க்குப் பின் 2024 வரை அங்கு முதலையால் உயிரிழப்பு ஏற்படவில்லை. 2024-இல் ஒரு சிறுமி பலியானாள். அவ்வாண்டு வெளியான புதிய திட்டத்தில் அகற்றும் முதலைகளின் எண்ணிக்கையை உயர்த்தியுள்ளனர். நம் நாட்டில் முதலை வணிகத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் ஆபத்தைச் சுமப்பவருக்கு ஆதாயத்திலும் பங்கு வேண்டும் என்ற கொள்கை நமக்கும் பொருந்தும்.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. முதலையைக் கொல்லாதே என்று அரசும் சட்டமும் சொல்லுமானால், ஆற்றில் இறங்காமல் வாழ மக்களுக்கு வழி செய்ய வேண்டும். குடிநீர்க் குழாய், குளிக்கும் துறைக்கு வேலி, கால்நடைக்குத் தொட்டி, தாமதமில்லாத இழப்பீடு ஆகிய நான்கும் இல்லாத ஊரில் வெறும் தடையுத்தரவு மட்டும் போடுவது நியாயம் ஆகாது.

நம் ஆற்றங்கரையில்

தமிழகத்தின் ஆறு, குளங்களில் வாழ்வது நன்னீர் முதலை. இதைச் சதுப்பு முதலை என்றும் சொல்வர். உவர்நீர் முதலையைப் போல் இது அவ்வளவு பெரிதாக வளராது. பெரும்பாலும் 4 மீட்டருக்குள் இருக்கும். ஆனாலும் மனிதரைக் கொல்ல வல்லது. கொள்ளிடக் கரையிலும், அணைக்கரை, சிதம்பரம் வட்டாரத்து நீர்நிலைகளிலும் இவை உள்ளன. ஊருக்குள் பிடிபடும் முதலைகளைச் சிதம்பரம் அருகே வக்காரமாரி குளத்தில் வனத்துறையினர் விட்டு வருகின்றனர். முதலை நடமாட்டம் உள்ள ஊர்களில் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது.

1. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தினமும் இறங்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். அந்தி முதல் விடியல் வரை நீரோரம் செல்லக் கூடாது. கலங்கிய நீரிலும், கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஓரத்திலும் இறங்கக் கூடாது.

2. நீரோரத்தில் குந்தி அமர்ந்து துவைப்பது, பாத்திரம் துலக்குவது ஆபத்தானது. உயரமான கரையில் நின்று கயிறு கட்டிய வாளியால் நீர் மொண்டு, கரைக்கு மேலே வைத்துத் துவைக்கலாம்.

3. மாடுகளைப் பம்புசெட் தொட்டியில் குளிப்பாட்டுவது சிறந்தது. ஆற்றில்தான் இறக்க வேண்டும் என்றால் தெளிந்த, ஆழமில்லாத இடத்தில் பகலில் இறக்க வேண்டும். ஆட்டுக்குட்டி, நாய் இவற்றை நீரோரம் திரிய விடக் கூடாது.

4. செத்த கால்நடை, கோழிக் கழிவு, இறைச்சிக் கழிவு, மீன் குடல் ஆகியவற்றை ஆற்றில் எறிவது முதலையைத் துறைக்கு அழைப்பதற்குச் சமம். அவற்றைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

5. கோடையில் ஆறு வற்றும்போது முதலைகள் மடுக்களில் கூடும். வெள்ளம் வரும்போதும் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போதும் வாய்க்கால், குட்டைகளுக்கு இடம் பெயரும். இவ்விரு பருவத்திலும் கூடுதல் கவனம் தேவை.

6. நன்னீர் முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும். சுமார் இரண்டு மாதம் தாய் அருகிலேயே காவல் இருக்கும். அந்த இடத்தை நெருங்கக் கூடாது.

7. குளிக்கும் துறைக்கு வேலி அமைப்பதே நிலையான பாதுகாப்பு. இலங்கையில் ஆற்றங்கரை மக்கள் நீருக்குள் அரைவட்டமாக மரக் கம்புகளை நெருக்கமாக நட்டு, அதற்குள் நின்று குளிக்கின்றனர். 'கிம்புலா கொட்டுவ' என்று சிங்களத்தில் இதற்குப் பெயர். இப்போது இரும்பாலும் அமைக்கின்றனர். வேலியின் இரு முனையும் கரையில் மேடு வரை ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் கம்பு பெயர்ந்துள்ளதா, உள்ளே முதலை அடைபட்டுள்ளதா என்று கரையிலிருந்து பார்த்த பின்பே இறங்க வேண்டும். ஊராட்சி மூலம் தீர்மானம் போட்டு வனத்துறையிடம் வேலி கேட்கலாம்.

8. முதலை கவ்விவிட்டால் அதன் கண்களைக் குத்த வேண்டும். கையில் கிடைத்ததைக் கொண்டு தலையில் அடிக்க வேண்டும். தப்பியவர்க்குக் காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். முதலைக் கடி எளிதில் சீழ்ப்பிடிக்கும்.

9. முதலையைக் கண்டால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். நாமே பிடிக்க முயலக் கூடாது. ஆளோ மாடோ பலியானால் காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் அன்றே பதிவு செய்ய வேண்டும். மாட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்றும், மனிதருக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இழப்பீடு பெற இன்றியமையாதவை.

பிலிப்பைன்ஸில் ஆயிரம் கிலோ முதலையைப் பிடிக்க மூன்று வார முயற்சியும் நூறு பேர் உழைப்பும் தேவைப்பட்டன. ஒரு துறைக்கு வேலி கட்ட அவ்வளவு வேண்டியதில்லை. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது முதலையைக் கொல்லத் தயங்க வேண்டாம். அந்த நிலை வராதபடி துறையைச் சீர்படுத்துவதை அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வரும் கிராமசபைக் கூட்டத்திலேயே இக்கோரிக்கையை எழுதிக் கொடுக்க முதலை நடமாட்டமுள்ள ஊர் விவசாயிகள் முன்வருவார்களாக.